கடையில் சரக்கு இல்லையென்றால் பதுக்கல் என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகி எழுதியிருந்தார். மூன்று கடை ஏறி இறங்கியும் நல்ல கருப்பட்டி கிடைக்கவில்லை, தேங்காய் கைக்குள் அடங்குகிற அளவில்தான் வருகிறது, போனில் சொன்ன சாமான் மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வருகிறது, ஏன் என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் சொல்லி வைத்த மாதிரி 'ஆள் இல்லைம்மா' என்கிறார்கள், இதெல்லாம் சரக்கைப் பதுக்கி விலையை ஏற்றச் சொல்லும் சாக்கு என்று முடித்திருந்தார். அந்த 'ஆள் இல்லைம்மா'வை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும். முழுவதும் போட இடமில்லையென்றால் கருப்பட்டி பற்றிய பகுதியையாவது போடுங்கள்.

பதுக்குகிறவர்கள் எங்கள் தொழிலில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பருப்பு விலை ஏறப் போகிறது என்று தெரிந்தால் குடோனைப் பூட்டி வைக்கிற பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை அதிகாரிகள் பிடிக்கட்டும். ஆனால் குரோம்பேட்டையில் நானூறு சதுர அடியில் மளிகைக் கடை வைத்திருக்கிற நான் தேங்காயைப் பதுக்கி என்ன செய்வது? உரித்த தேங்காயை ஒரு மாதம் வைத்தால் தண்ணீர் வற்றிக் காறல் வாடை வந்துவிடும். கருப்பட்டியைப் போன மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்து, ஈரம் பட்டு இளகிப் போய், பாதியை எறிந்தேன். அம்மா, நாங்கள் சொல்கிற அந்த இரண்டு வார்த்தை உண்மை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1985-ல் பதினாறு வயதில், பத்தாவதில் கணக்கு போனதும், மாமா கடைக்குப் பொட்டலம் மடிக்கச் சென்னைக்கு வந்தேன். அப்போது எங்கள் பக்கத்தில் பத்தாவது பெயிலான பையன் என்றால் அடுத்த வாரம் சென்னை பஸ்ஸில் இருப்பான். காலை ஐந்தரைக்குக் கடை திறப்போம், ராத்திரி பத்தரைக்குச் சாத்துவோம், அப்புறம் மூட்டைகளுக்கு நடுவே பரணில் படுப்போம். சம்பளம் கையில் வராது, மாதா மாதம் அப்பாவுக்கு மணியார்டர் போகும். தீபாவளிக்கு ஒரு சட்டை, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நாள் லீவு. சென்னை முழுக்க அண்ணாச்சி கடை என்று சொல்கிறார்களே, அதில் பாதிக்கு மேல் இப்படி வந்த பையன்களின் உழைப்பில் நின்றது. ஐம்பது கிராம் கடுகு வேண்டுமா, இரண்டு ரூபாய்க்குப் புளி வேண்டுமா, அரை லிட்டர் எண்ணெய்க்குப் பாட்டில் கொண்டு வந்திருக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுக்க நாலைந்து பையன்கள் நிற்பார்கள். சம்பளம் அவ்வளவு குறைவாக இருந்ததால்தான் அத்தனை பேரை நிறுத்த முடிந்தது. இது எனக்கு அப்போது தெரியவில்லை, நானே கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஊரிலிருந்து ஒரு பையன் வருவதில்லை. கடைசியாக ஊர்ப் பையன் ஒருவன் என்னிடம் சேர்ந்தது 2009-ல். அவனும் மூன்று வருஷத்தில் டிரைவிங் கற்றுக்கொண்டு வளைகுடா போய்விட்டான். பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கிறார்கள், பாலிடெக்னிக், கலைக் கல்லூரி என்று போகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. என் மகன் எஞ்சினியரிங் படித்தான், அவனைக் கடையில் உட்காரச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படியிருக்க அடுத்த வீட்டுப் பிள்ளை மட்டும் என் பரணில் வந்து படுக்க வேண்டும் என்று நினைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, அதனால் கடையில் என்ன மாறியது என்று கேட்டால், முதலில் போனது கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துக் கொடுக்கிற சில்லறை வியாபாரம். ஐந்து பேர் இருந்த கடையில் இப்போது இரண்டு பேர். ஒருவர் ஜார்க்கண்ட், இன்னொருவர் ஒடிசா. இரண்டு பேரும் தங்கமான பிள்ளைகள், துவரம் பருப்புக்கும் கடலைப் பருப்புக்கும் தமிழில் பெயர் சொல்லிப் பழகியதோடு, எந்த வீட்டுக்கு எந்த அரிசி என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு பேரை வைத்து மூட்டை இறக்கி, நிறுத்து, வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்து, ஐம்பது கிராம் மிளகும் கட்டிக் கொடுக்க முடியவில்லை. முன்பு மதிய நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வருவார்கள், பின்கட்டில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்குவார்கள், புளியில் கொட்டை எடுப்பார்கள், மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவார்கள். அவர்களும் இப்போது வருவதில்லை, அதைவிட நல்ல கூலிக்கு அபார்ட்மெண்ட்களில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அதனால் நானும் மற்றவர்களைப் போல பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன். பாக்கெட் கம்பெனியிலிருந்தே கட்டி வரும், மாட்டித் தொங்கவிட்டால் போதும், நிறுக்க ஆள் வேண்டாம்.

இந்த மாற்றத்தில் வாசகிக்கு நஷ்டம் கொஞ்சம்தான். பெரிய நஷ்டம் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சமைக்கிறவர்களுக்கு. பத்து ரூபாய்க்குத் துவரம் பருப்பு என்று கேட்கிற சித்தாள் அம்மாவுக்குக் கால் கிலோ பாக்கெட்டைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? ஒரு தடவை பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார். அன்றிலிருந்து பருப்பு, புளி, மிளகாய், சீனி இந்த நாலும் எவ்வளவு நெருக்கடி என்றாலும் நிறுத்துத்தான் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். சாமை, வரகு, கொள்ளு, கருப்பு உளுந்து எல்லாம் மூட்டையாக வாங்குவதை நிறுத்திவிட்டேன். பொருள் சந்தையில் இருக்கிறது, என் கடையில் கிடைக்காது. காரணம் அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். எனக்கு அரிசி செங்குன்றத்திலிருந்து வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு கிலோதானே என்று நமக்குத் தோன்றும், நாள் முழுக்க இருநூறு முந்நூறு சிப்பம் தூக்குகிற ஆளின் முதுகுக்கு அது ஒரு கிலோ இல்லை. எனக்கு லோடு இறக்க வருகிறவர்கள் மூன்று பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. வண்டி வந்து நின்றால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கிற நேரத்துக்கும் வாடகை, அதுவும் அரிசி விலையில்தான் ஏறும். பிஸ்கட், சோப்பு ஏஜென்சிகளும் முன்பு வாரத்தில் மூன்று நாள் வண்டி அனுப்பினார்கள், இப்போது ஒரு நாள். டிரைவர் கிடைக்கவில்லை, கிடைத்த பையனும் சாப்பாடு டெலிவரி செய்யும் ஆப்களுக்குப் போய்விட்டான் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வண்டி வரவில்லையென்றால் அடுத்த செவ்வாய் வரை உங்கள் பிள்ளை கேட்கிற பிஸ்கட் இருக்காது.

ஒரு ஊரே வெளியூர்க் கையை நம்பி நிற்கிறது என்பதை நாம் மூன்று தடவை பார்த்தோம், மூன்று தடவையும் மறந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது முதலில் எல்லோரும் ஓடி வந்து அரிசியும் மைதாவும் வாங்கிக் குவித்தார்கள், அது நினைவிருக்கும். அதற்கு அடுத்த மாதம் வந்ததுதான் உண்மையான தட்டுப்பாடு. கம்பெனிகளில் ஆள் இல்லை, லாரிக்கு டிரைவர் இல்லை, மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டதும் குடோன்களில் இருந்தவர்களும் ஊருக்குப் போனார்கள், கோயம்பேடு மூடிக் கிடந்தது. அப்புறம் 2023 மார்ச். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின, ஹோலி நேரம் வேறு, திருப்பூரிலும் கோவையிலும் ரயில் நிலையங்களில் கூட்டம் குவிந்தது. என் கடையில் இருக்கிற ஜார்க்கண்ட் தம்பி அந்த வாரம் தூங்கவே இல்லை. அவன் அம்மா ராத்திரி ராத்திரி போன் செய்து வந்துவிடு, வந்துவிடு என்று அழுவார். நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ காலில் என் முகத்தைக் காட்டி, எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் அவருக்குச் சமாதானம் சொன்னேன். அவன் போகவில்லை. ஆனால் எனக்குச் சரக்கு தருகிற மொத்தக் கடையிலிருந்து ஆறு பேர் ஒரே நாளில் கிளம்பிவிட்டார்கள், பத்து நாள் அங்கே ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. மூன்றாவது, 2025 தீபாவளி. அக்டோபர் 20 தீபாவளி, அது முடிந்ததும் சாத் பூஜை, அதற்குப் பின்னாலேயே நவம்பர் 6-ம் 11-ம் பிகாரில் தேர்தல். போனவர்கள் எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அவரவர் பண்டிகைக்கும் ஓட்டுக்கும் ஊருக்குப் போவது நியாயம்தானே, நாம் கொடைக்கு ஊருக்குப் போகவில்லையா? அந்த மூன்று வாரம் எனக்கு ஆட்டா வரவில்லை, பொரி வரவில்லை. அப்போது கடைக்கு வந்தவர்கள் என்னிடம் சண்டை போட்டார்கள்.

அடுத்து தேங்காய். 2025 ஆடியில் கிலோ எழுபது ரூபாய்க்கு மேல் விற்றேன், வாங்கியவர்களுக்கு எவ்வளவு சங்கடமோ அவ்வளவு சங்கடம் எனக்கும். இதற்கு ஆள் பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. 2024 கோடை வெயிலில் குரும்பை என்கிற பிஞ்சுக் காய் கொட்டியது, சுருள் வெள்ளை ஈ, பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயில் மரம் மரமாக வெட்டிப் போட்டார்கள், இதெல்லாம் உண்டு. ஆனால் தோப்புக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் இன்னொன்றும் சொல்கிறார்கள். தேங்காயை ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை வெட்ட வேண்டும், அதற்கு மரம் ஏறுகிற ஆளோ, நீளக் கம்பில் அரிவாள் கட்டிப் பறிக்கிற ஆளோ வேண்டும், சொன்ன நாளில் அவர்கள் கிடைப்பதில்லை. இளநீர் வியாபாரி என்றால் வெட்டுகிறவர், கயிறு கட்டி இறக்குகிறவர், வண்டி எல்லாவற்றையும் அவரே கூட்டி வருகிறார், தோப்புக்காரர் நிழலில் நின்று எண்ணிக்கை பார்த்துப் பணம் வாங்கினால் போதும். அப்புறம் யார் தேங்காய் முற்றும்வரை காத்திருந்து ஆள் தேடி அலைவார்கள்? இப்படி இளநீராகவே போய்விட்ட காய்கள்தான் நம் வீட்டுச் சட்னிக்கு வராமல் போனவை. வாசகி சாலையோரம் இளநீர்க் குலைகளைப் பார்த்துவிட்டு வந்து என் கடையில் தேங்காய் ஏன் இல்லை என்று கேட்டால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு இது.

2023-ல் இதே தேங்காயை எட்டு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் போராடினார்கள். அப்போது மரம் ஏறுகிறவருக்குக் கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று பலர் வெட்டாமலே விட்டார்கள். வேலை இல்லாமல் போன ஏறுகிறவர்கள் கட்டட வேலைக்கும் வேறு வேலைக்கும் போனார்கள். விலை ஏறியதும் அவர்கள் திரும்பி வந்து மரத்தில் ஏறுவார்கள் என்று எதிர்பார்த்தால் எப்படி? தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கி, கருவியை வைத்து மரம் ஏறப் பயிற்சி கொடுக்கிறது, பெண்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், விபத்துக் காப்பீடும் உண்டு. நல்ல திட்டம். எனக்குத் தேங்காய் அனுப்புகிற தோப்புகளில் விசாரித்தேன், அதில் பயிற்சி பெற்றவர் என்று ஒருவரைக்கூட யாரும் சொல்லவில்லை.

இனி கருப்பட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பனையேறியின் மகன்.

எங்கள் அப்பாவுக்கு முப்பத்தெட்டு பனை. மாசி கடைசியில் பாளை விட ஆரம்பித்தால் ஆடி வரை ஓயாது. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டி, முருக்குத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு தேரி மணலில் நடப்பார். மரத்தில் சாத்திய அந்தத் தடிதான் முதல் படி, அதற்கு மேல் காலில் மாட்டிய நார்தான் துணை. மேலே போய்ப் பாளையைச் சீவி, கலயத்தில் வடிந்திருக்கிற பதனீரை ஊற்றிக்கொண்டு, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி மறுபடி கட்டிவிட்டு இறங்க வேண்டும். இறங்கி அடுத்த மரம். முப்பத்தெட்டு மரம் காலையில், அதே முப்பத்தெட்டு மரம் சாயங்காலம். ஒரு வேளை சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், அதனால் காய்ச்சல் என்றாலும் ஏறியே ஆக வேண்டும். நெஞ்சிலும் முழங்கையிலும் அப்பாவுக்குத் தோல் மரத்துப் போய்க் கருத்துக் கிடக்கும். அம்மா விடிலியில், அதாவது பதனீர் காய்ச்சுகிற குடிசையில், உட்கார்ந்து காய்ந்த ஓலையையும் மட்டையையும் எரித்துக் காய்ச்சுவாள். மூன்று மணி நேரம் புகையில் கிண்டி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்ற வேண்டும். எட்டு பத்து லிட்டர் பதனீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. நாங்கள் பள்ளிக்கூடம் போகுமுன், கருப்பட்டி ஆவதற்கு முன் பாகாக நிற்கிற கூப்பனியை ஓலைப் பட்டையில் வாங்கி வழித்துத் தின்போம், அந்த ருசி என் நாக்கில் இன்னும் இருக்கிறது.

என் சித்தப்பா 1994-ல் மரத்திலிருந்து விழுந்தார். சாகவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் பதினோரு வருஷம் கட்டிலில் கிடந்தார். சித்திதான் ஓலைப் பாய் முடைந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். அந்த மூன்று பேரும் மரத்தைத் தொடவில்லை, தொட வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சித்தப்பா கண்ணை மூடினார். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை, எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு கட்டில் இருந்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு இன்னொரு பயமும் சேர்ந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். அந்த வித்தியாசம் தெரியாத, தெரிந்தும் தெரியாததுபோல் நடந்துகொள்கிற சிலர் கலயத்தை உடைப்பதும், வழக்குப் போடுவேன் என்று மிரட்டுவதும் உண்டு. அப்புறம் கல்யாணம். பனையேறி என்று சொன்னால் பெண் கிடைக்காது. இத்தனையும் தாண்டி ஒரு இளைஞன் ஏன் மரம் ஏற வேண்டும்?

அப்பா காலத்தில் எங்கள் ஊரில் எழுபது எண்பது பேர் ஏறினார்கள். போன வருஷம் ஏறியவர்கள் நாலே பேர், அதில் இளையவருக்கு வயது 48. மரங்கள் நிற்கின்றன, பாளை விடுகின்றன, கீழே சொட்டி வீணாகக்கூட இல்லை, சீவ ஆளில்லாமல் அப்படியே காய்ந்து போகின்றன. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பெருமை. பெயர் பெரிதாகி நாடு முழுக்கக் கேட்கிறார்கள், காய்ச்சுகிற விடிலிகள் மட்டும் வருஷா வருஷம் குறைகின்றன. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் சீனி. கிலோ நாற்பத்தைந்து ரூபாய்ச் சீனியைப் பாகாக்கி, கொஞ்சம் பதனீரோ பழைய கருப்பட்டியோ சேர்த்துச் சிரட்டையில் ஊற்றினால் பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும். என்னிடம் கிலோ 180-க்குத் தருகிறேன் என்று ஆட்கள் வருகிறார்கள். கலப்படமில்லாத கருப்பட்டி எனக்கே முந்நூற்றைம்பது ரூபாய்க்குக் குறைந்து வருவதில்லை. 180 ரூபாய்ச் சரக்கை வாங்கி 300-க்கு விற்றால் எனக்கு நல்ல லாபம்தான். என் அம்மா புகையில் கண்ணெரிந்து காய்ச்சிய பொருளின் பெயரை அதற்கு வைத்து விற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் 'இல்லை' என்கிறேன். வாசகி மூன்று கடை ஏறி இறங்கினேன் என்றாரே, அதில் ஒரு கடைக்காரராவது இந்தக் காரணத்துக்காக இல்லை என்று சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

2021-ல் தமிழக அரசு வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்டபோது பனைக்கு இடம் கிடைத்தது. ரேஷன் கடையில் கருப்பட்டி விற்க ஏற்பாடு, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது, விதை கொடுக்கிறோம் என்றெல்லாம் அறிவித்தார்கள். அன்று நான் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர், கல்லூரி மாணவர்கள் உட்பட, ஏரிக்கரையிலும் குளத்தங்கரையிலும் பனை விதை நட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஆனால் இன்று நட்ட விதை பாளை விடப் பதினைந்து வருஷமாவது ஆகும். அன்றைக்கு அதில் ஏறுவது யார்? மரத்துக்கு ஒரு திட்டம் போட்டால் ஏறுகிறவருக்கும் அதே அளவுக்கு ஒரு திட்டம் வேண்டும். பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர் நாலு பேரில் இரண்டு பேர் அதில் பதிவே செய்யவில்லை. படிவம் நிரப்பத் தெரியவில்லை, அலைந்தால் அன்றைய பாளை போய்விடும் என்கிறார்கள். சீசன் இல்லாத மாதங்களில் வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை, விழுந்தால் அலைய விடாமல் கிடைக்கிற காப்பீடு, பதனீர் இறக்குகிறவரை யாரும் மிரட்டாமல் இருக்க கையில் ஒரு அடையாள அட்டை, இவ்வளவு இருந்தால் நாலு பேர் நாற்பது ஆவார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது, ஆனால் இருக்கிற நாலு பேர் அடுத்த வருஷமும் ஏறுவார்கள்.

எங்கள் கடைக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிற நாம், கிடைத்த ஆளை எப்படி வைத்திருந்தோம்? பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தோம். 2021-ல்தான் தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே எனக்கு வருத்தம். என் மாமா கடையில் நான் எட்டு வருஷம் நின்றேன், வயது ஐம்பத்தாறு ஆகிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. இருந்தும் என் கடையில் ஸ்டூல் போட்டது அந்தச் சட்டம் வந்த பிறகுதான், அது என் தவறு. இப்போது இரண்டு பேருக்கும் ஸ்டூல், வாரம் ஒரு நாள் லீவு, பரணில் படுக்கை கிடையாது, பின் தெருவில் ஒரு அறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தை மாதத்திலிருந்து ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்துகிறேன். அதற்கும் கோபித்துக்கொள்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் தோசை மாவுக்கு உளுந்து இல்லை என்று ஒரு அக்கா ஷட்டரைத் தட்டினார். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, அந்தப் பையன் வாரத்தில் அன்று ஒரு சாயங்காலம்தான் தன் வீட்டுக்கு நிதானமாகப் பேசுகிறான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றார், சரி தம்பி என்று போனார். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்தார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விலை ஏறினால் உங்கள் நிருபர்கள் கோயம்பேட்டில் வியாபாரியிடமும் வாங்க வந்தவரிடமும் பேசி, விலைப் பட்டியல் போட்டுச் செய்தி தருகிறார்கள். அந்தப் பொருளைப் பறித்தவர், காய்ச்சியவர், தூக்கியவர் யாரும் அதில் வருவதில்லை. பங்குனி பிறந்ததும் எங்கள் ஊரில் பாளை சீவ ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நிருபரையும் போட்டோகிராபரையும் அனுப்புங்கள். திருச்செந்தூர் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து நான் கூட்டிப் போகிறேன், சாப்பாடும் தங்க இடமும் எங்கள் வீட்டில். விடிகாலை மூன்றரைக்கு எழுந்திருக்கச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். வாசகிக்கும் விருப்பமிருந்தால் வரட்டும், கலப்படமில்லாத கருப்பட்டி இரண்டு கிலோ அவருக்காக இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரன்,
குரோம்பேட்டை, சென்னை.